லார்வுட் வீட்டார் படுத்திருக்கும் இடம்

சிரில் லார்வுட் பிப்ரவரியில் இறந்தார். அவருடைய சாம்பல் ஜூன் வரை மகள் லோர்னாவின் சமையலறை அலமாரியில் இருந்தது. "எங்க ஆளுங்களோட என்னைப் போடு" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஆட்களை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவருக்கும் சரியாகத் தெரியாது.

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் பண்ணைக் கூலியாக இருந்தவர். வேலையோடு வீடு கொடுப்பார்கள். வேலை போனால் வீடும் போகும். பண்ணை மாறுவது அக்டோபரில். மெத்தை, கோழிக்கூண்டு, மகள் எல்லாவற்றையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் லோர்னாவுக்கு எப்போதும் ஆட்டு வேஷம்தான். புதிதாக வந்த பிள்ளைக்கு அதுதான் மிஞ்சும்.

அம்மா வெரா கடற்கரை ஊர்க்காரி. சில வருஷங்களுக்கு முன் நோயில் படுத்துக் கிடந்த நாட்களில் ஒரு மாலை கணவரிடம் சொன்னாள்: "நான் எங்கம்மா அப்பா பக்கத்துலயே படுத்துக்கறேன். உங்க ஆளுங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியல. செத்த பிறகும் பெட்டி படுக்கையோட அலையச் சொல்றீங்களா?"

சிரில் சிரித்தார். வெரா விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் இறந்ததும் பெற்றோரின் குழியிலேயே வைத்தார்கள். அதில் வேறு யாருக்கும் இடமில்லை.

அதன் பிறகுதான் அவர் பஸ் ஏறி மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினார். ஓய்வுக்குப் பின் அரசு கொடுத்த சின்ன வீடு மார்ல்ஹாமில். அங்கிருந்து இரண்டு பஸ். பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். உதட்டை அசைத்து அசைத்து அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லோர்னாவிடம் போனில் சொல்வார். "உன் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தாவைப் புடிச்சுட்டேன் புள்ள. பேரு சாமுவேல். ஏர்க்குதிரை ஓட்டினவன்."

"எங்க புதைச்சிருக்காங்க?"

"அங்கதான் நழுவுறான்."

அவர் போன பிறகு லோர்னா விடுப்பு எடுத்துக்கொண்டு அதே காப்பகத்தில் போய் உட்கார்ந்தாள். தாழ்நிலத்துத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளும் பம்புகளைச் சோதிப்பது அவள் வேலை. அளவு இடித்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அதனால் அப்பாவைச் சந்தேகித்தாள். ஒரு ஊரில் ஞானஸ்நானம், இன்னொன்றில் கல்யாணம், மூன்றாவதில் அடக்கம்; கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில். இது ஒரு குடும்பமாக இருக்க முடியாது. அங்கங்கே கிடைத்த லார்வுட்டுகளை அப்பா ஒட்டுப்போட்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

முதலிலிருந்து சரிபார்த்தாள். மனைவிகளின் பெயர், சாட்சிகள், வயது எல்லாம் பொருந்தின. அப்பா தப்புப் பண்ணவில்லை.

காப்பகத்தில் ஏடுகளை எடுத்துத் தருபவள் நோரீன் காட்ஸ். அவள் ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "உங்கப்பா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாரு. அடுத்த வாரம் வரேன்னாரு."

சாமுவேல் லார்வுட் இரண்டு நீதிபதிகள் முன்னால் கொடுத்த வாக்குமூலம். எந்த ஊரில் எவ்வளவு காலம் வேலை செய்தான் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். ஹாக்ஸ்தோர்ப்பில் ஐம்பத்தோரு வாரம். ஸ்னேவெல்லில் ஐம்பத்தோரு வாரம். அப்படியே பக்கம் முழுக்க. கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்.

"ஏன் எல்லாமே அம்பத்தொண்ணு?"

"அந்தக் காலத்துச் சட்டப்படி முழு வருஷம் இருந்தா அந்த ஊர்க்காரன் ஆயிடுவானே. அப்புறம் நோயோ வயசோ வந்தா ஊருதான் சோறு போடணும். அதான் ஒரு வாரம் முன்னாடியே கணக்குத் தீத்து அனுப்பிடுவாங்க."

"வேணும்னேவா?"

"பின்னே? எங்க முன்னோருங்க ஊர்ப் பணத்தைப் பாத்துக்கிட்டவங்க. உங்காளை வெரட்டினதே எங்காளாகூட இருக்கும். சண்டை போட வைக்கலாம்னா ரெண்டு பேருமே இல்ல."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எண் இன்னும் போனில் இருந்தது.

இன்னும் எத்தனை வருஷம் தேடினாலும் எல்லாரும் ஒன்றாய்ப் படுத்திருக்கும் ஒரு இடம் கிடைக்காது. அவருடைய ஆட்கள் ஒவ்வொருவரும் அந்நியர்கள் நடுவில் தனித்தனியாகக் கிடந்தார்கள். அவர்களோடு அவரைப் போடுவதென்றால் மாவட்டம் முழுக்கத் தூவ வேண்டும்.

அப்பா கடைசிவரை குடியிருந்த மார்ல்ஹாமின் தேவாலய நிர்வாகி டெஸ்மண்ட் பிளம்ஸ்டெடுக்கு போன் செய்து, அப்பாவின் சாம்பலை அங்கே புதைக்க முடியுமா என்று கேட்டாள்.

"சொந்தக்காரங்க யாராவது எங்க கல்லறைத் தோட்டத்துல இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல. வெளியூர்க்காரங்களுக்கு அனுமதி வாங்கணுமா?"

"யாரு வெளியூரு? சிரிலா? இத்தனை வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என் அவரைக்கொடியைக் குறை சொல்லிட்டிருந்தான். இந்த ஊர்ல குடியிருந்தவனுக்கு இந்த மண்ணு உரிமை. பாதிரியாரே நெனச்சாலும் மாட்டேன்னு சொல்ல முடியாது."

லோர்னா அடக்கத்துக்கு நாள் கேட்டாள். டெஸ்மண்ட் ஒரு நாளைச் சொன்னார்.

அடக்கத்தன்று தூறல். பாதிரியார், டெஸ்மண்ட், பஸ்ஸில் வந்த நோரீன், லோர்னா. ஜெபம் சீக்கிரம் முடிந்தது. பாதிரியாரும் நோரீனும் நனையாத இடம் தேடிப் போனார்கள். டெஸ்மண்ட் மண்ணை மிதித்துச் சமப்படுத்தினார்.

"கல்லறைக் கல்லுல எத்தனை பேருக்கு எடம் விடச் சொல்லட்டும்?"

லோர்னாவுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஐம்பது மைல் தள்ளி வாடகை வீடு.

"ரெண்டு பேருக்கு."

"இன்னொருத்தர் யாரு?"

"நான்தான். அவசரமில்ல."

டெஸ்மண்ட் தலையாட்டிவிட்டு, கல் வரப்போகும் இடத்தில் மண்வெட்டிக் காம்பைக் கிடத்தி அகலத்தை அளந்து பார்த்தார்.