என் கடையில் இரண்டு தடவை அரெஸ்ட் ஆனவர்

பெங்களூர் அடுகோடியில் வண்டி சீட் என்றால் என் கடைதான். இதை ஊர் சொல்கிறது. நானும் சொல்வேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து, ஒரு மலையாளத்துக்காரர் கடையில் ரெக்சின் வெட்டக் கற்றுக்கொண்டு, பின்னால் அந்தக் கடையையே விலைக்கு வாங்கினேன். ஸ்கூட்டர், ஆட்டோ, கார், போலீஸ் ஜீப் என்று என் கை படாத சீட் இல்லை. எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் உட்கார்ந்த இடத்தைச் சரி பண்ணியவன் நான் என்று தமாஷாகச் சொல்வதுண்டு. அதனால் போலீஸ் என்றால் எனக்குப் பயம் கிடையாது, ஒரு ஆளைப் பார்த்தாலே போலீஸா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த நினைப்பு கலங்கிப்போனது. இன்னும் தெளியவில்லை.

அன்று காலையில் பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு சார் ஸ்கூட்டர் சீட் மாற்ற வந்திருந்தார். ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்கூட்டர் ரிப்பேருக்கு வரும்போதுகூட இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கஸ்டமர் உட்கார்வதற்கென்று ஒரு பழைய காரின் பின்சீட்டைச் சுவரோரம் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது, எடுத்தார். நான் வேலையில் இருந்தேன். தையல் மிஷினில் எங்கள் பாய் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னோடு சேர்ந்து நரைத்த ஆள் அவர்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சார் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருக்கிறார். போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்த ஸ்பாஞ்ச் எனக்கு வேண்டியிருந்தது.

"சார், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?"

நகரவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்குக் கண்ணாடியில் இறங்கியிருந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

"சுகர் இருக்கா சார்? டீ சொல்லட்டா?"

உதடு அசையாமல் சொன்னார்: "எழுந்திரிக்கக் கூடாது மாஸ்டர். நான் அரெஸ்ட்ல இருக்கேன்."

"யாரு பண்ணாங்க அரெஸ்ட்டு?"

கண்ணால் போனைக் காட்டினார்.

நான் தெருவைப் பார்த்தேன். ஜீப் இல்லை. எதிரே இளநீர்க்காரர், ஒரு ஆட்டோ, ஒரு நாய். திரும்பி வந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். போனுக்குள் ஒரு பெரிய அதிகாரி. காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் கொடி, சுவரில் சிங்கம் போட்ட முத்திரை. மடித்துக் கட்டியிருந்த லுங்கியை என் கை தானாக அவிழ்த்துவிட்டது. நான் சொல்லி அது அவிழ்க்கவில்லை.

அந்த டில்லி அதிகாரி இந்தியில் கேட்டார், பின்னால் நிற்பது யார் என்று. சார் இங்கிலீஷில் என்னை அறிமுகம் செய்தார். உடனே எனக்கும் உத்தரவு வந்தது: நீ சாட்சி, உட்கார், கடையை விட்டு வெளியே போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. எனக்குப் பம்பாய்க்காரர்களோடு வியாபாரம் பண்ணிய இந்தி நன்றாகவே வரும். உட்கார்ந்துவிட்டேன். என் கடையில், என் ஸ்டூலில், ஒருத்தன் சொல்லி நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அந்த மிஷின் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். பாய் காலை எடுத்தார்.

"இன்னா மொதலாளி, இனிமே நம்ம மிஷின் ஓட்டறதுக்கு டில்லில பர்மிசன் வாங்கணுமா?"

"சும்மா இரு பாய். போலீஸு."

"எங்க?"

"போன்ல."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நூலைக் கோர்க்க ஆரம்பித்தார்.

மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போன்காரர் நகர்ந்தார். திரையில் முத்திரை மட்டும் நின்றது. அந்த இடைவெளியில் சார் கிசுகிசுத்தார். அவர் பெயரில் வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறதாம், அதில் போதை மருந்தாம். அவருடைய ஆதார் நம்பர், அப்பா பெயர் எல்லாம் அவர்கள் தப்பில்லாமல் சொன்னார்களாம். பாங்கில் இருக்கும் பணத்தையெல்லாம் சர்க்கார் கணக்கு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும், அது நல்ல பணமா என்று சோதித்துவிட்டு சாயங்காலம் திருப்பி அனுப்புவார்களாம்.

"எல்லாத்தையுமா சார்?"

"ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும். டெபாசிட்டை இப்பதான் இந்த போன்லயே உடைச்சேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அவர் வந்து அக்கவுண்ட் நம்பர் சொல்லுவாரு. அனுப்பலைன்னா வீட்டுக்கு வந்து விலங்கு போட்டு இழுத்துட்டுப் போவாங்களாம், அபார்ட்மென்ட் ஜனங்க முன்னாடி."

"வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா?"

"மெட்ராஸ்ல தங்கச்சி வீட்ல இருக்கா. சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்."

எனக்குப் புரியவில்லை. நான் எத்தனையோ அரெஸ்ட் பார்த்தவன். சட்டையைப் பிடிப்பார்கள், ஜீப்பில் தள்ளுவார்கள், தெரு வேடிக்கை பார்க்கும். உட்காருங்கள் சார் என்று சொல்லி அரெஸ்ட் பண்ணி நான் பார்த்ததில்லை. ஆனால் இப்போது சிக்னலைத் தாண்டினால் யாரும் வந்து பிடிப்பதில்லையே. எங்கேயோ கேமரா பார்க்கிறது, அபராதம் போனுக்கு வருகிறது, கூடவே நம் போட்டோவும் வருகிறது. நானே கட்டியிருக்கிறேன். அபராதம் போனில் வரலாம் என்றால் அரெஸ்ட் ஏன் வரக் கூடாது? இப்படியும் தோன்றியது, அப்படியும் தோன்றியது. எது சரி என்று கேட்க, கடையில் பாயைத் தவிர ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஏரியா ஏட்டு வந்தார். தன் பைக் சீட்டை வாங்க வந்தவர். என்னிடம் பல வருஷமாகத் தைக்கிறவர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார். கீழே காக்கிப் பேன்ட், மேலே கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு.

"ஏனு சமாச்சார, என்ன விஷயம் யஜமான்ரே? எல்லாரும் சாவு வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

வெளியே போகக் கூடாது என்ற உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுந்து வாசலுக்குப் போய் அவர் காதில் சொன்னேன். ஏட்டு முகம் மாறியது.

"இது மோசடி யஜமான்ரே. தினம் ஒருத்தர் அழுதுட்டு ஸ்டேஷனுக்கு வராரு. எல்லாம் பணம் போன அப்புறம் வராங்க." உள்ளே வந்தார். "சார், அந்த போனைக் கட் பண்ணுங்க. நான் போலீஸ்."

சார் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அந்த ரப்பர் செருப்பில் வந்து பார்வை நின்றது.

போனைக் காட்டினார். "இவரும் போலீஸ்தான். யூனிபார்ம்ல இருக்காரு."

ஏட்டு பர்ஸிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினார். ஓரம் பிய்ந்து, போட்டோ மங்கிப்போன கார்டு. அதற்குள் போன்காரர் திரும்பி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், அவன் போலி, பார்சல் கும்பலின் ஆள், கிட்டே விடாதே என்று கத்தினார். சார் காலை மேலே இழுத்துக்கொண்டு சீட்டின் மூலைக்குப் போனார்.

"சார், இவரை எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"எங்கிட்டதான் சீட் தைப்பாரு."

"அது போதுமா மாஸ்டர்?"

ஆமாம், வேறென்ன தெரியும்? அவர் ஸ்டேஷனுக்குள் நான் போனதில்லை. காக்கிப் பேன்ட்டை யார் வேண்டுமானாலும் தைத்துப் போடலாம், தையல் தெரிந்த எனக்கு அது தெரியாதா. ஒரு நிமிஷம் நானே ஏட்டைச் சந்தேகமாகப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்களுமா யஜமான்ரே? ஏரியா பூரா என்னைப் பாத்தா பைக்கைத் திருப்பிட்டு ஓடறான். உங்க கடைல மட்டும் நான் போலீஸ் இல்லையா?"

போனில் நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சாரின் கட்டைவிரல் ஒவ்வொரு எண்ணாக அழுத்தத் தொடங்கியது. ஏட்டு போனைப் பிடுங்கப் பார்த்தார். சார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருடன் திருடன் என்று சத்தம் போட்டார். இளநீர்க்காரர் கத்தியோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஏட்டு கையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பைக் பெட்டியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். குரலே வேறாக இருந்தது.

"எழுந்திரு. உன்னை நான் அரெஸ்ட் பண்றேன்."

சாரின் விரல் நின்றது. "நான் ஏற்கெனவே அரெஸ்ட்ல இருக்கேன் சார்."

"அது டில்லி கேஸ். இது நம்ம லிமிட். இந்த இடத்துல இருக்கற ஆளை மொதல்ல நம்ம ஸ்டேஷன்லதான் ஒப்படைக்கணும். அவர் உன்னை போன்லதான் புடிச்சிருக்காரு." மணிக்கட்டைப் பிடித்தார். "நான் கையைப் புடிச்சிருக்கேன். நட, ஸ்டேஷனுக்கு."

நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கையைப் பிடித்ததும் சாரின் உடம்பு தளர்ந்தது. இத்தனை நேரம் எழாத மனுஷர் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு நிம்மதி. போனைப் பார்த்து மரியாதையாக இங்கிலீஷில் சொன்னார், லோக்கல் போலீஸ் என்னை அரெஸ்ட் செய்துவிட்டார்கள், மன்னிக்க வேண்டும், நான் போக வேண்டும் என்று. அதற்கு அந்தப் பெரிய அதிகாரி சொன்ன வார்த்தைகளை நான் பம்பாய்க்காரர்களிடம்கூடக் கேட்டதில்லை. ஏட்டு போனை வாங்கி அணைத்தார்.

"இன்னா இந்தி பேசறான் மொதலாளி" என்றார் பாய். "நம்ம பக்கம் லாரி டிரைவருங்க தோத்தாங்க."

ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு வழி முழுக்க கையை விடவில்லை. தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். ஸ்டேஷனில் எல்லோரும் ஏட்டுக்கு வணக்கம் வைத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. சாரையே பாங்குக்குப் பேச வைத்துக் கணக்கை முடக்கினார்கள். பணம் போகவில்லை. ஒரு பைசா போகவில்லை. அங்கிருந்த பெண் போலீஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அப்ப நீங்க வீட்டுக்குப் போகலாம் சார். கிளம்புங்க" என்றார் ஏட்டு. "அரெஸ்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எந்த அரெஸ்ட் இல்ல?"

"ரெண்டும்தான் சார். அதுவும் பொய், இதுவும் பொய். உங்களை எழுப்பறதுக்குச் சொன்னேன்."

"இதுவும் பொய்யா" என்று சார் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது மேஜை மேல் இருந்த அவர் போன் அடித்தது. வேறு நம்பர். அவர் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. ஏட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கஸ்டடில இருந்தா போன் எடுக்கக் கூடாது, இல்லையா?"

"கூடாது" என்றார் ஏட்டு.

"வெளில போனா?"

"வெளில போனாலும் எடுக்காதீங்க சார்."

"அது என்னால முடியுமான்னு தெரியல சார்."

அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அந்தப் பெண் போலீஸ் அந்த நம்பரை பிளாக் பண்ணினார். இன்னொரு நம்பரிலிருந்து வந்தது. சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டார். மெட்ராஸில் இருக்கும் மனைவிக்கு ஏட்டு தன் போனிலிருந்தே பேசினார். அந்த அம்மா முதலில் இவரையும் நம்பவில்லை, அப்புறம் நான் வாங்கிப் பேசினேன். அடுத்த ரயிலில் வருகிறேன் என்றார்.

"அவ வர்ற வரைக்கும் என்னை விடாதீங்க" என்றார் சார்.

அரெஸ்ட் ஆகாதவரை எப்படி விடாமல் வைத்திருப்பது என்று ஏட்டு தலையைச் சொறிந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். சார் குடித்தார்.

நான் கடைக்குத் திரும்பியபோது பாய் மிஷினை நிறுத்தினார்.

"விட்டுட்டாங்களா அந்த சாரை?"

"விட்டுட்டாங்க பாய். அவர்தான் வரமாட்டேங்கறாரு."

"ஏன், அவரு இன்னா தப்பு பண்ணாரு?"

சாரின் ஸ்கூட்டர் சீட் பாதியில் கிடந்தது. அதற்கு ரெக்சினை எடுத்து விரித்து, எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.