பிளக் இல்லாத கிட்டார்

பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் சூடாமணி கிட்டார் செய்கிறார். அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் ‘வீணை செய்ற அம்மா’ என்பார்கள். அவர் திருத்துவதில்லை.

அவர் செய்வது எல்லாக் கடையிலும் தொங்குகிற கிட்டார் இல்லை. ஜிப்ஸி ஜாஸ் என்று ஓர் இசை உண்டு. பிரான்ஸில் ஜிப்ஸி மக்கள் வாசித்து வளர்த்தது. அதில் டிரம்ஸ் கிடையாது. ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் கிட்டார் கம்பிகளை வெட்டி வெட்டித் தட்டியே தாளம் கொடுக்க வேண்டும். மைக் இல்லாவிட்டாலும் கூட்டத்தின் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும். அதற்கென்றே முட்டை வடிவத்தில் சின்ன ஓட்டையும், லேசாக வளைத்த மேல்பலகையுமாக ஒரு தனி கிட்டார்.

சூடாமணி முன்பு டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தார். கம்பி மாற்றுவது, ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டுவது எல்லாம் அவர் கைதான். ஒரு சித்திரை மாதம், கோயில் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி, வெயிலில் விரிசல் விட்ட கிட்டாரோடு கடைக்குள் வந்தாள். சூடாமணி ஒட்டிக் கொடுத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். வெளியே ஆட்டோவும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அத்தனையையும் தாண்டி ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்டது.

“எம்மாடி, என்னா தொண்டை இதுக்கு!” என்று சூடாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவள் கிளம்புவதற்குள் கிட்டாரை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு, உள்ளே எங்கெங்கே சட்டம் ஒட்டியிருக்கிறது என்றும் பார்த்துவிட்டார்.

சூடாமணி வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ர பாஷை. அன்றைக்கு அதில் கிட்டாரைத் தவிர வேறு பேச்சே இல்லை. கணவர் ஹரிராம் தையல்காரர். கடைசியில் அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, “செஞ்சு பாத்துடேன். நான் தூங்கணும்ல?” என்றார்.

கூட்டாளியாகச் சேர்ந்தவர் அலங்காநல்லூர் அழகுராஜா. நிலைக்கதவு செய்கிற ஆசாரி. சூடாமணியை விடச் சின்னவர். பின்பக்கத்துக்குப் பலா மரம் அவரிடமே இருந்தது. மேல்பலகைக்கு, ஒரு சர்ச்சில் கழித்துப்போட்ட பழைய பியானோவின் உட்பலகையைச் சூடாமணி கேட்டு வாங்கி வந்தார். அழகுராஜாவின் பட்டறையிலேயே சீவினார்கள், சுடவைத்து வளைத்தார்கள், ஒட்டினார்கள். கம்பியை முறுக்கி ஏற்றிக்கொண்டே வந்தபோது படார் என்றது. மேல்பலகை உள்ளே இறங்கிவிட்டது.

அழகுராஜா குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு, “அப்பளம் நொறுங்குன மாதிரியில்லக்கா இருக்கு? இம்புட்டு மெல்லிசா நான் சீவவே மாட்டேன். நீங்கதான் சீவு, சீவுன்னீக” என்றார்.

சூடாமணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “மிச்சப் பலகை இருக்குல்ல தம்பி? வாங்க, இன்னொண்ணு செய்வோம்.”

இரண்டாவது நின்றது. முதல் தட்டிலேயே பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின. சூடாமணிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. ஆர்கெஸ்ட்ரா பையன்கள் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “பிளக் எங்கக்கா சொருகுறது?” என்று கேட்டார்கள். பிளக்கே கிடையாது என்றதும் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். கிட்டார் சுவரில் ஏறியது. சூடாமணி அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்.

அழகுராஜா மகளுக்குக் காதுகுத்து வந்தது. “கிட்டார் இல்லாம வந்தா சோறு கிடையாது” என்று அவர் சொல்லிவிட்டதால், சூடாமணி அதைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர் பஸ் ஏறினார். மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசித்து முடித்த பேண்டு செட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தார்கள். அழகுராஜா விடாமல் கேட்க, சூடாமணி கூச்சத்தோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தாளத்தை மட்டும் தட்டினார்.

பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற பேயாண்டி, வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு கிளாரினெட்டை எடுத்து, ஊர்வலத்தில் வாசிக்கிற ஒரு குத்து மெட்டை மெதுவாக அதன் மேல் விட்டார். சூடாமணி வேகத்தைக் கூட்டினார். அவர் விடவில்லை, வளைத்து வளைத்து ஓடினார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்து நின்றார்கள். காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த பிள்ளை, அப்பாவின் தோளில் ஏறி ஆடியது.

வாசித்து முடித்ததும் பேயாண்டிக்கு மூச்சு வாங்கியது. “ஏம்மா, இது கிட்டாரா தவிலா?”

“ரெண்டுந்தாண்ணே!”

“அப்ப நம்ம டிரம்காரனுக்கு லீவு விட்ருவோமா?”

“யண்ணே, என் சோத்துல மண்ணப் போட்ராதீக!” என்று டிரம்காரர் கத்த, வேப்பமரத்தடியே சிரித்தது.

யாரோ அதை போனில் எடுத்துப் போட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, பெங்களூரில் இந்த இசையை வாசிக்கிற ஒருவர் கண்ணில் பட்டது. “இது எங்க கிடைக்கும்?” என்று அவர் போன் செய்தபோது, சூடாமணி அவரை லைனிலேயே நிறுத்திவிட்டு ஹரிராமிடம் ஓடினார். சுவரில் இருந்தது பெங்களூருக்குப் போனது. அடுத்தது கோவாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பேயாண்டி டிவிஎஸ்ஸில் கிளாரினெட்டோடு பழங்காநத்தம் வந்துவிடுகிறார். போன மாதம், அந்தக் கிட்டாரை வாங்கிப்போக கோவாவில் இருந்து வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேயாண்டியிடம் மாட்டிக்கொண்டார். ஒரு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். பேயாண்டி விடவில்லை. கீழே காயில் கட்டுகிறவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு வந்தார். ஹரிராம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் நின்று தலையாட்டினார். சூடாமணி சமைத்து வைத்திருந்தது ஆறிப்போனது. அன்றைக்கு யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.