புரட்டாசியில் இரண்டு பூசம்

எங்கள் வீட்டில் பிறந்தநாள் இல்லாத மாதம் கிடையாது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் மாதத்திலேயே நான்கு முறை பாயசம் குடித்துவிட்டு, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று என் அம்மாவிடம் போனில் கேட்டேன். அப்போது பிள்ளைகள் ஐந்துதான். இப்போது பதினொன்று. அதில் மூன்று என்னுடையவை என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், என் மாமனார் சித்தையன் கட்டிய மூன்று மாடி வீடு. நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு மருமகள்கள், ஒரே சமையல். மாமனாரும் மாமியாரும் இப்போது இல்லை. அவர்கள் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்து தொடங்கிய தேங்காய் மண்டி இருக்கிறது. அவர்கள் ஏற்படுத்திய பழக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பழக்கங்களை ஒன்று விடாமல் நடத்த மூத்த மருமகள் சொர்ணலதா இருக்கிறாள். எனக்கு ஓரகத்தி. நான் சொர்ணக்கா என்பேன்.

வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று தேதிப்படி. அன்று கேக். அது பெற்றவர்கள் பொறுப்பு. இன்னொன்று நட்சத்திரப்படி. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்று எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயிலில் அர்ச்சனை, பாயசம். அது சொர்ணக்காவின் இலாகா. அந்தப் பாயசத்தை வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் பிறந்தநாள் பிள்ளைக்கு ஆளுக்கொரு வாய் ஊட்ட வேண்டும். நடக்கத் தெரியாத குழந்தையின் கையைப் பிடித்தாவது ஊட்ட வைப்பாள் அக்கா. பாதி பாயசம் புதுச்சட்டையில்தான் போகும். அதற்கும் அவள் சளைத்ததில்லை.

மைசூரில் கிடைக்கும் கன்னடக் காலண்டரில் தமிழ் மாதம் இருக்காது. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஒரு தமிழ் தினசரி காலண்டர் வந்து இறங்கும். வந்த அன்றே அக்கா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, பதினொரு நட்சத்திரங்களையும் தேடிப்பிடித்து, அந்தந்த நாளின் தாளில் பிள்ளையின் பெயரை எழுதிவிடுவாள்.

அக்கா ஒரு அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பதிவேட்டில் எழுதியவள். அவளுடைய பிறந்தநாள் மட்டும் யாருக்கும் தெரியாது. ராமாபுரத்தில் அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று, வாத்தியார் தாமாகவே ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் பாதி ஊர் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தது. நட்சத்திரத்தையும் யாரும் குறித்து வைக்கவில்லை. ஏழாவதாகப் பிறந்த பெண்ணுக்கு யார் குறித்து வைக்கப்போகிறார்கள்? தனக்கு இல்லாமல் போனது போகட்டும், இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு பிள்ளையின் இரண்டு பிறந்தநாளையும் கோட்டைவிட்டாள்.

அந்தப் பிள்ளை மோகனப்ரியா. எங்கள் கடைசிக் கொழுந்தன் மதனுக்கு ஒரே மகள். அவளுடைய அம்மா சுசித்ரா நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்தது. மதனுக்கும் அங்கேயே எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. இரண்டே வருடம் என்று சொல்லி ஜூன் மாதம் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஒன்பது வயதை எட்டப்போகும் மோகனா எங்களோடு இருந்தாள். கிளம்பும்போது சுசித்ரா, மகளின் படிப்பைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சொர்ணக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ பொறந்தநாளன்னிக்கு மட்டும் நாங்க இல்லைங்கறது அவளுக்குத் தெரியக் கூடாதுக்கா. ரெண்டு நாளையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"நீ நிம்மதியாப் போ அம்மிணி. நான் இருக்கறன்ல" என்றாள் அக்கா.

மோகனாவின் மாதம் புரட்டாசி, நட்சத்திரம் பூசம். காலண்டரில் புரட்டாசி இரண்டாம் தேதித் தாளில் அவள் பெயர் சிவப்பில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் தாள் கிழிப்பது பிள்ளைகளின் உரிமை. முறை வைத்துக் கிழிப்பார்கள். முதல் தேதியன்று இரவு என் சின்ன மகள் சக்தியின் முறை. ஐந்து வயது. இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டாள். மறுநாள் முறைக்காரப் பிள்ளை, யாரோ தன் தாளைத் திருடிவிட்டதாக வீடே அதிரச் சண்டை போட்டது. நாங்கள் சண்டையைத் தீர்த்து வைத்தோம். தாளை யாரும் தேடவில்லை.

சரி, தேதியாவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அது அந்த வருடம் ஆயுத பூஜையன்று விழுந்தது. தசரா என்றால் ராமாபுரம், கொள்ளேகால், சாமராஜநகர் சொந்தங்களுக்கெல்லாம் எங்கள் வீடுதான் சத்திரம். மறுநாள் யானை ஊர்வலம் பார்க்க, முந்தின நாளே பை பையாக வந்து இறங்கிவிடுவார்கள். அன்று நாற்பத்து மூன்று பேருக்குச் சமையல். மண்டியைக் கழுவி, தராசுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்து, இரண்டு லக்கேஜ் ஆட்டோவுக்கும் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து முடிப்பதற்குள் சொர்ணக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. பள்ளிக்கூடம் தசரா விடுமுறை. வகுப்பில் சாக்லேட் கொடுத்து வாழ்த்து வாங்கவும் மோகனாவுக்கு வழியில்லை.

ஆயுத பூஜைக்குப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஆயுதம் வைப்பது எங்கள் வழக்கம். ஒருவன் சைக்கிளைக் கொண்டு வந்தான், ஒருவன் கிரிக்கெட் மட்டையை. என் சக்தி பல் துலக்கும் பிரஷைக் கொண்டு வந்தாள். மோகனா தன் ஜாமெட்ரி பாக்ஸுக்குத் தானே சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையின் கடைசியில் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் கையில் பொரி கடலையைக் கொடுத்து, அந்தப் பக்கம் நகரச் சொன்னேன். இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அன்று சாயந்திரம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. மோகனா அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வழக்கமான போன் என்று நினைத்தோம்.

தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகள் எல்லோரும் போய், நானும் அக்காவும் சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். சுசித்ரா அக்காவின் போனுக்குக் கூப்பிட்டாள். கை ஈரமாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். மோகனாவின் பிறந்தநாளை இவ்வளவு நன்றாக நடத்தியதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றாள் சுசித்ரா. கேக்கின் மேல் யானை இருந்ததாமே, கோயிலில் மாலை போட்டார்களாமே, பாயசத்தை எல்லோரும் ஊட்டினார்களாமே என்று அடுக்கிக்கொண்டே போனாள். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு தடவை "ம்" என்றாள். குக்கர் விசிலடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் குக்கரே இல்லை.

கேக்கில் யானை இருந்தது அதற்கு முந்தின வருடம். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் குழந்தை பழைய பிறந்தநாளை எடுத்துப் புதிதுபோல அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்கா எழுந்து போய், கிழித்த காலண்டர் தாள்களைச் செருகி வைக்கும் கிளிப்பை எடுத்து வந்தாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் என்பதால் அதில்தான் நாங்கள் மளிகைச் சீட்டு எழுதுவோம். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கிடைத்தது. முன்பக்கம் சிவப்பில் 'மோகனா, பூசம்'. பின்பக்கம் துவரம்பருப்பு, சோப்பு, ஊதுபத்தி. அதுவும் அவள் கையெழுத்துதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. நல்லவேளை, மளிகையையாவது மறக்கவில்லை என்றேன். அக்கா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதே போய்க் கேக் வாங்கி வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"என்னன்னு சொல்லி வெட்டுவே? பத்துப் பேரு முன்னால அந்தப் புள்ளைய இன்னொருக்காப் பொய் சொல்ல வெக்கறதா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நான் திரும்ப உட்கார்ந்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, மீதி இருந்த புரட்டாசித் தாள்களை மெல்ல விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தாளில் விரல் நின்றது.

"லீலா, இங்க வந்து படி. எனக்குக் கண்ணு மறைக்குது."

புரட்டாசி இருபத்தொன்பது. புதன்கிழமை. நட்சத்திரம் பூசம்.

ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால், பின்னால் வருவதுதான் பிறந்தநாள். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். டிசம்பரில் அவசரமாக எழுதியபோது, முதலில் கண்ணில் பட்ட பூசத்தில் பெயரை எழுதிவிட்டு, மாதக் கடைசியைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். சக்தி கிழிக்காமல் இருந்திருந்தால் தப்பான நாளில்தான் பாயசம் வைத்திருப்போம். மோகனாவின் பூசம் இன்னும் வரவே இல்லை. பத்து நாள் இருந்தது. அக்கா அழுத முகத்தோடேயே சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனாலும் தேதியை மறந்தது மறந்ததுதான். அதைப் பிள்ளையிடம் சொல்லாமல் மறைக்க அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. அன்று சாயந்திரம் மோகனா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, வீங்கிய காலோடு மூன்று மாடி ஏறிப் போனாள். எனக்கும் இருப்புக் கொள்ளாமல் பின்னாலேயே போனேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை. உன் பிறந்தநாளை நான் மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று நேராகச் சொன்னாள். அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள்.

மோகனா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லைன்னா அம்மா அழுவாங்க பெரியம்மா. அங்க அவங்களுக்கு யாரும் இல்ல. இங்க எனக்காச்சும் நீங்கல்லாம் இருக்கீங்க."

அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் கொடியில் இருந்த துணியையெல்லாம் எடுத்து முடித்தேன். ஈரத்தோடு எடுத்த நான்கைந்து துணியை மறுபடியும் காயப்போட வேண்டியிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை அக்கா பள்ளிக்கு விடுப்பு போட்டாள். எண்ணெய்க் குளியல், மாம்பழ நிறத்தில் பாவாடை சட்டை, கோயிலில் அர்ச்சனை. தேதிக்குரிய கேக்கும் அன்றே வந்தது. பாயசம் ஊட்ட வரிசையில் பதினாறு பேர் நின்றோம். கடைசி ஆள் முடிந்ததும், நல்ல நேரமோ என்னவோ, மஸ்கட்டில் சுசித்ராவுக்கு அன்று வேலை இல்லை; வீடியோவில் வந்தாள். அக்கா போனை வாங்கி, எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"சுசி, அன்னிக்கு நான் மறந்துபோட்டேன். கேக்கு, பாயசம் ஒண்ணும் நடக்கல. புள்ள உனக்காகப் பொய் சொல்லிருச்சு. இன்னிக்குத்தான் எல்லாம் பண்றோம். நீ என்னைத் திட்டோணும்னா திட்டிக்க."

திரையில் சுசித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பயந்துபோனேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள் கையை எடுத்துவிட்டு. "எத்தனை பேரு ஊட்டினாங்கன்னு கேட்டேன். பதினெட்டு வாய்னு சொன்னா. நாங்க ரெண்டு பேரு அங்க இல்லாம எப்படிக்கா பதினெட்டு வரும்? உங்ககிட்ட நேராக் கேக்க வாய் வரலை. தேங்க்ஸ் சொல்ற மாதிரிக் கூப்பிட்டுப் பாத்தேன். நீங்க போனை வெச்சிட்டீங்க. ரெண்டு வாரமா டூட்டியில அதே நெனப்பு. இப்பதான் மூச்சு வருது."

மோகனா நடுவில் புகுந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். சட்டையெல்லாம் பாயசம்.

"அம்மா, இன்னிக்குப் பதினாறு வாய்தான். இது நெஜம். இனிமே மறந்தாங்கன்னா, மறந்துட்டாங்கன்னே உன்கிட்ட சொல்லிடறேன்."

"அதுக்கு முந்தி எங்கிட்டச் சொல்லு சாமி" என்றாள் சொர்ணக்கா. "காலையிலயே வந்து என்னை எழுப்பிச் சொல்லு."