கஞ்சி அக்கா கேட்ட மிஷின்

கஞ்சி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் கொட்டிய டீயை அவர் தலையணை உறையால் துடைத்துவிட்டார். "நீங்க தலை வைக்கிற உறையா இருந்தா இப்படித் துடைப்பீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் பெரிய சர்ஜன். அவர் வருகிறார் என்றால் வார்டில் ஈ கூடச் சத்தம் போடாது. அப்பேர்ப்பட்டவர் நனைந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நான் அன்றைக்குத்தான் அந்த வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இந்த அரசு ஆஸ்பத்திரியில் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

அவள் லாண்டரிக்குத் தலைவி. சமையல்கூடத்துக்குப் பின்னால், வெயில் நேரே படாத நீளமான அறை. எப்போதும் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி. தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கீழே ஏழு பெண்கள். வார்டுக்குப் போகிற ஒவ்வொரு விரிப்புக்கும் கஞ்சி போட்டே தீருவாள், அதனால் அந்தப் பெயர். குணமும் அப்படித்தான், மடங்கவே மடங்காது என்று ஸ்டோர் கிளார்க் சொல்வார். அவள் முன்னால் சொல்லமாட்டார்.

லாண்டரியில் ஒரு சட்டம் இருந்தது. எந்தத் துணியும் துவைக்காமல், தைக்காமல் வார்டுக்குப் போகக் கூடாது. விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும், ஆள் படுக்கிற இடம் அல்லவா. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நையாத ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பார்கள். இன்னும் ஒரு வருஷம் ஓடும். அதுவும் போனால் தலையணை உறை. அதுவும் போனால் பிரசவ வார்டுக் குழந்தைகளுக்குத் துணி. எதற்குமே ஆகாத கிழிசலும், வெட்டவே தேறாத விரிப்பும்தான் "கழிவு" என்று கறுப்பு முத்திரை வாங்கி மூட்டையாக மூலைக்குப் போகும். புதிதாக வருகிற பெண்ணுக்கு அக்கா முதலில் கற்றுக்கொடுப்பது அந்த நடுத்தையலைத்தான். தையல் மேடு தட்டினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வாள். புண் இருக்கிற முதுகில் அது உறுத்தும்.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன். அவள் புருஷன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இதே ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து செத்துப்போனார். அவரைப் படுக்க வைத்த விரிப்பில் யாருடைய ரத்தமோ காய்ந்து திட்டாக இருந்ததாம். "அவருக்கு வலிகூடப் பெருசா தெரியல சிஸ்டர். 'இது யாரோடது, இது யாரோடது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு" என்றாள். கை அது பாட்டுக்குத் துணியை மடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் கழித்து, இரண்டு பெண் குழந்தைகளையும் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில் விட்டுவிட்டு, இங்கே தினக்கூலிக்கு வந்து நின்றவள்தான். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

லாண்டரியில் இரண்டு மிஷின்கள். அந்த வருஷம் ஒன்று அடியோடு படுத்துவிட்டது. இன்னொன்று துவைக்கும், பிழியாது. தினமும் இருநூற்று நாற்பது விரிப்பைக் கையால் பிழிய வேண்டியதாயிற்று. பெண்களின் மணிக்கட்டெல்லாம் வீங்கிப்போனது. தினமும் மாற்ற வேண்டிய விரிப்பை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மாற்ற முடிந்தது. அதன் பலனை என் வார்டில் என் கண்ணால் பார்த்தேன். ஆறின தையல் மறுபடி சீழ் பிடித்தது. இரண்டாம் நாளே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் பத்து நாள் கிடந்தார்கள். ஆபீஸில் கேட்டால் இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை திரட்டித் தருவதற்கென்று ஒரு அறக்கட்டளை உண்டு. அதன் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி, மெதுவாகப் பேசுகிற மனுஷர். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் அலையாமல் இருந்திருந்தால் எங்களுக்குப் பாதி கருவி வந்திருக்காது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"ஏம்மா, ஸ்கேன் மிஷின்னா தருவாங்க. குழந்தைங்க வார்டுன்னா தருவாங்க. துணி துவைக்கிற மிஷினுக்கு யாரும்மா மனசு உருகுவா?" என்றார்.

"உருக வேணாம் சார். வாங்கித் தந்தாப் போதும்."

அவர் சிரித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவருக்கு அந்த யோசனை வந்தது. சனிக்கிழமை நன்கொடையாளர்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். கழிவு மூட்டையில் கிடக்கிற கிழிசல்களை எடுத்து சர்ஜரி வார்டுக் கட்டில்களில் விரித்துவிட வேண்டும். நோயாளிகள் அதன்மேல் படுத்திருக்க வேண்டும். "ஒரு மணி நேரம்தான். அவங்க பார்த்துட்டுப் போனதும் எடுத்துடுங்க. மிஷினுக்கு நான் பொறுப்பு."

அக்காவின் முகம் செத்துப்போனது. "கிழிசல்ல படுக்க வைக்கிறதா? எங்க ஆளுங்களையா?"

"ஒரு மணி நேரம்மா. வருஷம் பூரா நல்லா இருக்கிறதுக்கு ஒரு மணி நேரம்."

வெளியே வந்ததும் நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "ஒத்துக்குங்க அக்கா. ஏழு பேரோட கையைப் பாருங்க. என் வார்டுல சீழைப் பாருங்க. மானம் பார்த்தா மிஷின் வராது." அவள் விறுவிறுவென்று லாண்டரிக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் யாரிடமும் பேசவில்லை. பிறகு மூலையில் கிடந்த கழிவு மூட்டையைக் காலால் தள்ளி நடுவில் போட்டாள். "இது நாளைக்குக் காலையில சர்ஜரி வார்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் தலைவலி என்று போனது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை காலையில் மூட்டை என் வார்டுக்கு வந்தது. அவிழ்த்தால் கஞ்சி மணம். நாற்பது விரிப்பு, ஒவ்வொன்றும் துவைத்து, வெளுத்து, நடுவில் தைத்து, அப்பளம் மாதிரி மடித்து வைத்திருந்தது. துணி அவ்வளவு மெலிசு, விரலை வைத்தால் விரல் தெரியும். எப்படித்தான் ஊசி ஏற்றினார்களோ. கறுப்பு முத்திரையைக் கூட விடாமல் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

அக்கா வந்து பார்த்தாள். ஒன்றைப் பிரித்து நடுத்தையலைத் தடவினாள். மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தவள் லாண்டரிப் பெண்களில் மூத்தவள், குள்ளி என்று கூப்பிடுவார்கள்.

"யாருடி தைக்கச் சொன்னா?"

"வார்டுக்குப் போகணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க" என்றாள் குள்ளி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் இருந்து ராத்திரிக்குள்ள முடிச்சிட்டோம். ரெண்டு மட்டும் தேறல. மன்னிச்சுக்குங்க."

கஞ்சி அக்கா அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "அதுங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே சிஸ்டர்" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்தாள். தன் கையால்தான், விரிப்பால் இல்லை. "போடுங்க. முப்பது கட்டிலுக்கும் போடுங்க" என்றாள்.

செயலாளர் அரைமணி முன்னதாகவே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். வார்டு பளிச்சென்று இருந்தது. கல்யாண மண்டபம் கூட அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

"என்னம்மா இது? இதைப் பார்த்துட்டு எவன் காசு தருவான்? ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், கத்தரிக்கோல் இருக்கா? ஒரு அஞ்சாறு கட்டில்ல மட்டும் இந்தத் தையலைப் பிரிச்சு விடுங்க."

என் பாக்கெட்டில் கத்தரிக்கோல் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்கு, தரமாட்டேன்" என்று சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

அக்கா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "மிஷின் கேட்டேன் சார். பிச்சை கேட்கல. படுத்திருக்கிற ஆளை அசிங்கப்படுத்தி வர்ற மிஷின்ல நான் துணி போடமாட்டேன்."

"அப்ப மிஷினை மறந்துடு."

"மறக்கவும் மாட்டேன்."

அதற்குள் நன்கொடையாளர்கள் வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வார்டைப் பார்த்து நல்லா வெச்சிருக்கீங்க என்று தலையாட்டினார்கள். செயலாளர் வேறு வழியில்லாமல் ஸ்கேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிந்து எல்லாரும் வாசல் பக்கம் திரும்பியபோது அக்கா குறுக்கே புகுந்தாள். "இது எப்படி வெள்ளையாச்சுன்னு பார்க்க வேணாமா? வாங்க, பத்தடிதான்." பத்தடி இல்லை, இருநூறு அடி. ஆனாலும் போனார்கள். அவள் கூப்பிட்ட குரல் அப்படி.

லாண்டரியில் அவள் எதையும் விளக்கவில்லை. தொட்டியிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை எடுத்து, முன்னால் நின்ற ஆளிடம் ஒரு முனையை நீட்டினாள். "பிடிங்க சார்." அவர் லாரி முதலாளி, நல்ல ஆகிருதி. சிரித்துக்கொண்டே பிடித்தார். அவளுடைய கை எந்தப் பக்கம் போனதோ அதைப் பார்த்துத் தன் கையையும் அதே பக்கம் திருப்பினார். விரிப்பு பிழியாமல் சும்மா உருண்டது. தண்ணீர் முழுக்க அவருடைய ஷூவுக்குள் போனது.

"என்னைப் பார்க்காதீங்க. அவங்கவங்க வலது பக்கம் முறுக்கணும்" என்றாள்.

நாலாவது விரிப்பில் அவருக்குப் பழகியது. ஏழாவதில் மூச்சு வாங்கியது. மற்றவர்கள் கையிலும் ஆளுக்கொரு முனை கொடுத்தாயிற்று. தங்கக் கடிகாரம் கட்டிய ஒரு அம்மாள் அதைக் கழற்றிக் குள்ளியிடம் கொடுத்துவிட்டுப் பிழிந்தாள். செயலாளர் மட்டும் ஒதுங்கி நின்றார்.

"தினமும் எத்தனை?" என்று கேட்டார் லாரி முதலாளி.

"இருநூத்தி நாப்பது."

அவர் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். "மிஷின் நான் வாங்கித் தரேன். புது பெட்ஷீட்டும் சேர்த்துத் தரேன்" என்றார். செயலாளர் கைதட்டத் தயாரானார். "ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு பெட்ஷீட்லயும் எங்கம்மா பேரு சிவப்பு நூல்ல இருக்கணும்."

"வேணாம் சார்" என்றாள் அக்கா.

ஏழு பெண்களும் அவளையே பார்த்தார்கள்.

"ஏன் வேணாம்?"

"பெட்ஷீட்டுன்னா என்னன்னு நெனைச்சீங்க? அது மேல வாந்தி எடுப்பாங்க. ரத்தம் கொட்டும். எழுந்திருக்க முடியாதவங்க அதுலயே போயிடுவாங்க. எல்லாம் உங்கம்மா பேரு மேலதான். அப்புறம் நாங்க அந்தப் பேரைச் சோடாவுல போட்டுக் கசக்குவோம். உங்களுக்குச் சம்மதமா?"

லாரி முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். திடீரென்று லாரி முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எங்கம்மா இருந்திருந்தா என்னை வெளக்குமாத்தாலயே அடிச்சிருப்பா. பேரு வேணாம்மா. எதுலயும் வேணாம்."

செயலாளர் ஓடிவந்து அக்காவின் காதில் சொன்னார், எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கையெடுத்துக் கும்பிடும்மா. நன்றின்னு சொல்லு."

"நன்றியா?" அவளும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள். "இது எங்கப்பன் வீட்டு ஆஸ்பத்திரியா? அவரு லாரி ஓட்டுறவனுக்குக் கால் உடைஞ்சாலும் இங்கதான் வருவான். அவருக்கே நடு ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா இங்கதான் தூக்கிட்டு வருவாங்க. சொந்த வீட்டுக்கு மிஷின் வாங்குறவருக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா சார்?"

லாரி முதலாளி ஈர ஷூவோடு சளக் சளக்கென்று நடந்து போனார். அவர் மனசு மாறிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். செயலாளரும் அப்படித்தான் நினைத்திருப்பார். மூன்று மாதம் இரண்டு பேருமே எங்கள் பக்கம் வரவில்லை. நடுவில் லாண்டரியில் ஒருத்தி கை முடியாமல் வேலையை விட்டே போனாள். அக்கா அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாளே தவிர, சொன்ன வார்த்தையைத் தப்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

நாலாவது மாதம் ஒரு லாரி வந்து லாண்டரி வாசலில் நின்றது. மிஷினை இறக்கினார்கள். துவைத்துப் பிழிந்து முக்கால்வாசி காயவைத்துத் துப்புகிற ராட்சசன். எந்தப் பெயரும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை நான் டிரேயோடு வார்டுக்குள் போனபோது கஞ்சி அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். இடுப்பில் மடித்த விரிப்புகள். ஆறாம் கட்டில் பெரியவர் குடல் ஆபரேஷன் ஆனவர், அசையவே யோசிப்பார். அவர் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"நேத்துதானேம்மா மாத்தினீங்க? மூணு நாளைக்கு ஒருதரம்தானே?"

"நேத்தும் மாத்தினோம். இன்னிக்கும் மாத்துவோம். நாளைக்கும் வருவேன்" என்றாள் அக்கா. "எழுந்திருங்க."