சாமி பாட்டு வரிசையில் என் கேசட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். விடுமுறை நாட்களில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு சினிமாப் பாட்டுப் பாடுவேன். சொந்தமாகவும் சில பாட்டுகள் எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தேன். அவற்றைக் கேட்க ஆளில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். அதனால் நானே ஒரு கேசட் போடுவது என்று முடிவு செய்தேன்.

குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சர்ச்சில் வாசித்துப் பழகியவர், அதிகம் பேசமாட்டார். சொன்னதைக் கேட்டு வாசிப்பார், முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் பாட்டுகள் எல்லாம் அவரைப் பற்றியவை. அது அவருக்குத் தெரியாது. சொல்லும் உத்தேசமும் எனக்கு இல்லை. அவரையே வைத்து அவற்றைப் பதிவு செய்வதில் ஏதாவது சிக்கல் இருப்பதாகவும் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவரின் பின்னறைதான் எங்கள் ஸ்டூடியோ. சுவரெல்லாம் மெத்தைகளைத் தொங்கவிட்டோம். அவர் வாசித்ததை முதலில் ஒரு டேப்பில் பதிவு செய்தோம். அதை ஓடவிட்டு நான் கூடவே பாட, இரண்டையும் சேர்த்து இன்னொரு டேப்பில் பிடித்தோம். கோரஸும் நானேதான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரைச்சல் கூடியது. வேலை முடிந்தபோது எல்லாப் பாட்டிலும் மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் பலபேர் அந்த மழையைப் பாராட்டினார்கள்.

அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். போட்டோக் கடையில் இருந்த இரண்டு திரைகளில் ஒன்று கிழிந்திருந்தது. மற்றதில் கோபுரம் வரைந்திருந்தது. என்னிடம் இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கோபுரத்தின் முன்னால் நின்றேன்.

மதுரையில் பிரதி எடுத்து வந்ததும் முதல் கேசட்டை அப்பா கேட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு முடித்தார்.

“ஏட்டி, எல்லாப் பாட்டுலயும் ‘நீ, நீ’ன்னு பாடுதியே, யாரு அது?”

“சும்மா, கற்பனைப்பா.”

“கற்பனைக்கு எதுக்கு சைக்கிள்?”

மெட்டுக்கு அந்த வார்த்தைதான் உட்கார்ந்தது என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பட்டாளத்துப் பையில் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கேசட் கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு சாமி பாட்டா என்று கேட்டிருக்கிறார். கல்யாணமாகாத மகள் காதல் பாட்டுப் பாடியிருக்கிறாள் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஆமாம், ‘நீ’ என்பது பெருமாள்தான் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் அங்கேயே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார்.

“பெருமாள் சைக்கிள்லயா வாராரு?”

“கருடனைத்தான் இந்தக் காலத்துக்குத் தக்கன அப்படிப் பாடியிருக்கா.”

கடைக்காரர் கேசட்டை ஆண்டாள் பாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். இதை எல்லாம் அப்பா ராணுவத் தகவல் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். நான் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் சாப்பிடப் போனேன்.

மார்கழியில் ஒருநாள் காலை ஒத்திகைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித் தேரடிப் பக்கம் நடந்தேன். ஒரு பூக்கடையின் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது. ‘நீ வராத தெருவில் எனக்கென்ன வேலை’ என்று பாடிக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து சைக்கிள் பாட்டு வந்தது. அதற்கும் போட்டுக்கொண்டார்.

கீபோர்டுக்காரர் எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நின்று பாட்டை முழுவதும் கேட்டார்.

“கடையில பெருமாள் பாட்டுன்னு சொல்லுதாவ. நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“பெருமாள் இல்ல.”

“அப்ப யாரு?”

வாசித்தவருக்கே தெரியவில்லையா என்று கேட்டேன். தான் சுரத்தைத்தான் கவனித்ததாகவும் வரிகளைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். நான் அவர் சைக்கிளைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “அப்படின்னா இந்தப் பாட்டை இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிச்சிருக்கணும்” என்றார். பிறகு ஒத்திகைக்குப் போனோம்.

அடுத்த வாரம் மில் கேட்டில் வந்து நின்றார்.

“மெதுவா வாசிச்சுப் பாத்தேன். நல்லாருக்கு.”

எனக்கு வந்த கல்யாணப் பேச்சு அவ்வளவுதான். நானும் சரி என்றேன்.

இரண்டு வீட்டிலும் சண்டை நடந்தது. அவருடைய அம்மா பல மாதம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அப்பாவிடம் வந்து நியாயம் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொன்னார். ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

கடைக்காரர் அடுத்த மார்கழிக்கு இன்னொரு கேசட் கேட்டு ஆள் அனுப்பினார். நான் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரிகூட வரவில்லை. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அந்த ஆள் பக்கத்து அறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் நாங்கள் எடுத்த வாடகை வீட்டுக்கு முதலில் வாங்கிய சாமான் ஒரு மைக் ஸ்டாண்டு. வெகுகாலம் அவருடைய சட்டைகள் அதில்தான் தொங்கின.