ஹாக்கி அரங்கத்துச் சுவரில் ஒரு கறை

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளுக்குப் போனால், டி-ஷர்ட் அத்தனையிலும் குறையைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"எல்லாப் பீசுலயும் ஒரே எடத்துல கறைங்க" என்றார் செக்கிங் சரசக்கா.

கறைதான். ஆனால் துணியில் இல்லை, பிரிண்ட் செய்த படத்தில்.

வெளிநாட்டில் ஒரு பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். ரசிகர்கள் நினைவாகப் போட்டுக்கொள்ள, அதன் படம் போட்ட டி-ஷர்ட் எங்களுக்கு ஆர்டர். அரங்கத்தின் வாசல் சுவரில், கூரையிலிருந்து துரு வழிந்து நீளமாக ஒரு கறை.

முதல் சாம்பிளில் எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் அதை எடுத்துவிட்டார். "அழுக்குச் செவுத்தப் போயி பையருக்கு அனுப்புவாங்களா?" என்றார்.

வீடியோ காலில், ஆர்டர் கொடுத்த பையர் அந்தச் சாம்பிளையே வெகுநேரம் பார்த்தார். அவரும் அந்த டீமின் ரசிகர்.

"கூட்டத்தில் தொலைந்துபோனால் அந்தக் கறைக்குக் கீழே வந்து நில் என்பார் அப்பா. இதில் நான் எங்கே நிற்பது?"

கறையைத் திரும்பப் போட்டோம். செக்கிங்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பையர் சொன்னதை நான் சொல்லக் கேட்டுவிட்டு, சரசக்கா அம்புகளை உரித்தார். நடுவில் அந்தப் பழைய சாம்பிளும் கலந்திருந்தது. அதன் வெறும் சுவரில் ஓர் அம்பை ஒட்டினார்.

"இதுல கறையே இல்லீங்க. அந்தப் பையன் எங்கீங்க போயி நிப்பான்?"

சுத்தமாக இருந்ததற்காக எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன முதல் பீஸ். உங்கள் கம்பெனியில் உண்டா?