ஆள்காட்டி விரலில் சிவப்பு நூல்

கையில் வெட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரகடத்தில் காருக்குத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டின் விளிம்பு வலது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. தையல் பிரித்த பிறகும் அந்த விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கம்பெனி டாக்டர் ஓகே சொன்னால்தான் லைனுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் என் இடத்தில் வேறொருவன் நிற்பான். நான் கான்ட்ராக்ட் ஆள், அவ்வளவுதான் மரியாதை.

குன்றத்தூரில் எங்கள் வாடகை வீடு ஒரே அறை. டிவி இரண்டே நாளில் சலித்தது. செல்போனில் லூடோ ஆடினேன், தோற்றால் போன்மீதே கோபம் வந்தது. பேப்பரில் குறுக்கெழுத்து நிரப்பினேன். பேனா நழுவி நழுவி விழ, தூக்கிச் சுவரில் அடித்தேன்.

என் மனைவி செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கீழ்வீட்டில் கேரம் போர்டு கேட்டு வாங்கி வந்தாள். அவள் கம்பெனியில் குறையுள்ள பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டி, சரிசெய்ய அனுப்புவார்கள். அதே மாதிரி என் விரலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள்.

"இன்னாடி இது, என்னை ரிஜெக்ட் பண்ணிட்டியா?"

"ரிஜெக்ட்டுன்னா குப்பையில போட்டிருப்பேன். இது ரீவொர்க். இந்த வெரல்லதான் அடிக்கணும், சொல்ட்டேன்."

சும்மா சொல்லக்கூடாது, ஆட்டம் பிடித்துப்போனது. சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். எந்தக் காயை எந்தப் பக்கம் மோதவிட்டால் எது விழும் என்று பகலெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஆனால் விரல் தேறவில்லை. அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பும்போதெல்லாம் நடுவிரலால் அடித்தேன். காய் சொல்லிவைத்த மாதிரி விழுந்தது. "சூப்பருய்யா!" என்று அவள் கைதட்டுவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த காயைக் குறிபார்ப்பேன்.

கம்பெனி டாக்டரிடம் டெஸ்ட் நாளன்று நூலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். தட்டில் சின்னச் சின்ன ஸ்குரூ. அடிபட்ட விரலால் பொறுக்கி ஓட்டையில் வைக்க வேண்டும். டாக்டர் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சரசரவென்று வைத்துவிட்டேன். அவர் ஓகே போட்டார். நாளைக் காலை முதல் ஷிஃப்ட்.

வீட்டில் சீட்டை வாங்கிப் பார்த்த மனைவி சிரிக்கவில்லை. நூல் இல்லாத என் விரலைப் பார்த்தாள். கேரம் போர்டைத் தரையில் போட்டாள்.

"அந்த வெரல்ல ஒரு அடி அடி. என் கண்ணு முன்னாடி."

அடித்தேன். ஸ்ட்ரைக்கர் நகர்ந்ததோடு சரி.

"டாக்டர் பாக்கல. பிரஸ்ஸு பாத்து நிக்குமாய்யா? கையை இழுக்கறதுக்குள்ள எறங்கிடுமே!"

"வேல போயிட்டா நீயா வாங்கித் தருவ?" என்று கத்தினேன். அசிங்கமாகக் கத்தினேன்.

"வேறெங்கனா தேடிக்கலாம். கை போச்சுன்னா எங்கய்யா போய்த் தேடுவேன்?" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"சார், டாக்டர் ஓகே பண்ணிட்டாரு. ஆனா கை ஓகே இல்ல சார். நான்தான் ஏமாத்திட்டேன்."

மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் கத்திப் பேசினார்.

"பத்து நாள் டைம். அதுக்கு மேல போச்சுன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நூலை எடுத்து மறுபடி கட்டினாள். இந்த முறை முடிச்சு இறுக்கமாக இருந்தது. அடுப்புப் பக்கம் போகாமல் எனக்கு நேரெதிரே உட்கார்ந்து என் விரலையே பார்த்தாள்.

அடித்தேன். ஸ்ட்ரைக்கர் பாதி தூரம் போய் நின்றது.

"பத்து நாள் கீதுல்ல, அடி" என்றாள்.